மோதிய வண்டியின் குறைந்த விலைக்கு யார் பொறுப்பு?



பேசின் பிரிட்ஜ் அருகிலுள்ள ஒரு பள்ளிவாசலில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். வயதில் என் தந்தையைப் போன்றவர். துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரி ஒன்று, நின்றுகொண்டிருந்த அவருடைய லோடு வண்டியின் பின்புறத்தில் மோதிவிட்டது. லாரியின் முதலாளி அதே மஹல்லாவாசி. ஒர்க்ஷாப் பில்லைத் தயங்காமல் கொடுத்துவிட்டார். வண்டியும் ஓடுகிறது. ஆனால் சேஸிஸ் வளைந்து நிமிர்த்தப்பட்டது என்று தெரிந்ததும், வாங்க வருகிறவர்கள் விலையை வெகுவாகக் குறைத்துக் கேட்கிறார்கள்.

"ஹஜ்ரத், ரிப்பேர் பணம் வாங்கிவிட்டேன். இந்த விலைக் குறைவையும் கேட்டால் பேராசை ஆகிவிடுமா? லாரிக்காரர், பில் கொடுத்ததோடு தம் பொறுப்பு தீர்ந்தது என்கிறார். அடிபட்டதைச் சொல்லாமல் விற்றுவிடுங்கள் என்கிறார் புரோக்கர். எது சரி?" என்று கேட்டார்.

இரவும் பகலும் கனரக வாகனங்கள் ஓடும் வடசென்னையில் இது பலருக்கும் நேரும் காரியம். ஆகவே இந்த மஸ்அலாவை இங்கே விளக்குவது பொருத்தம்.

ஈடு என்றால் என்ன?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இருந்தபோது மற்றொரு மனைவியார் அனுப்பிய உணவுத் தட்டு உடைந்துபோன வரலாற்றை நாம் அறிவோம். உடைந்த தட்டை இங்கேயே வைத்துக்கொண்டு, உடையாத தட்டு ஒன்றைத் திருப்பி அனுப்பினார்கள். உடைந்ததை ஒட்டிக் கொடுத்து அனுப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

திருக்குர்ஆனில் அல்அன்பியா அத்தியாயத்தில், இரவில் ஆடுகள் மேய்ந்து அழித்த விளைநிலத்தின் வழக்கு கூறப்படுகிறது. நிலம் முன்னிருந்த நிலைக்குத் திரும்பும்வரை நிலத்துக்காரர் ஆடுகளின் பலனை அனுபவிக்கட்டும், ஆட்டுக்காரர் நிலத்தைப் பண்படுத்தட்டும் என ஸுலைமான் (அலை) அவர்கள் தீர்த்ததாக முஃபஸ்ஸிரீன்கள் விளக்குகிறார்கள். இழந்தவர் பழைய நிலையை அடைய வேண்டும் என்பதே ஈட்டின் நோக்கம் என்று இதனால் விளங்குகிறது.

அர்ஷ் என்னும் அளவுகோல்

ஒருவர் பிறர் பொருளில் குறையை உண்டாக்கினால், குறையற்ற நிலையில் அதன் விலை என்ன, குறையுள்ள நிலையில் விலை என்ன என்று பார்த்து, அந்த வித்தியாசத்தைக் கொடுக்க வேண்டும். ஃபிக்ஹு நூல்கள் இதனை 'அர்ஷ்' என்கின்றன. ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் இதற்கு ஆதாரம் உண்டு. வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் பாவம் நீங்கலாம், ஈடு நீங்காது.

ஓர் உதாரணம் காண்போம். மோதலுக்கு முன் வண்டியின் விலை 4,00,000 ரூபாய். ரிப்பேருக்கு 60,000 ஆயிற்று. ரிப்பேருக்குப் பின்னும் 3,50,000க்குத்தான் போகிறது என்றால், மீதி 50,000 இழப்பு அப்படியே நிற்கிறது. அதைக் கேட்பது பேராசை அன்று, ஹக்கு ஆகும்.

ஆனால் இதற்கு வரம்பு உண்டு. புதிய மாடல் வந்ததால் அந்த வகை வண்டிகள் எல்லாவற்றுக்கும் 20,000 குறைந்தது என்றால், அதை மோதியவர் தலையில் கட்டக் கூடாது. அது சந்தையின் காரியம். பழைய டயருக்குப் பதில் புது டயர் மாட்டியதால் விலை ஏறியிருந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். பில்லைக் கூட்டி எழுதச் சொல்வது ஹராம். மதிப்பீட்டை, இரு தரப்பும் நம்பும், தொழில் அறிந்த இருவரிடம் ஒப்படைப்பது நல்லது.

நின்ற வண்டியில் மோதியவர் முழு ஈட்டுக்கும் பொறுப்பு. இருவரும் ஓட்டிவந்து மோதிக்கொண்டால், ஒவ்வொருவரும் மற்றவரின் சேதத்தில் பாதியைக் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம்.

நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் சொந்த வாகன இன்ஷூரன்ஸ் பாலிசிகள் தேய்மானத்தையும், விபத்தின் பின்விளைவாக வரும் நஷ்டத்தையும் பொதுவாக விலக்கிவைக்கின்றன. ஆகவே விலைக் குறைவை மோதியவரிடமே கேட்க வேண்டியிருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பொருட்சேதத்துக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். 2,000 ரூபாய்க்கு மேற்பட்டால் சிவில் கோர்ட்டையும் நாடலாம். 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த திருத்தம். எனவே தாமதிக்கலாகாது. மோதலுக்கு முன்னும் பின்னும் உள்ள விலையை எழுத்தில் வாங்கி வைப்பதும், போட்டோ எடுத்து வைப்பதும் அவசியம்.

உரிய சாட்சியம் இருந்தால் ரிப்பேருக்குப் பிந்திய விலைக் குறைவையும் கேட்கலாம் என்பதை இங்கிலாந்தின் அப்பீல் கோர்ட் 1974இல் ஏற்றது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் 2001இல், சொந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியே அதைக் கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. நம் இமாம்கள் இந்த அளவுகோலைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள்.

விற்பவர் மீதுள்ள கடமை

இனி அந்தப் புரோக்கரின் யோசனைக்கு வருவோம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். சேஸிஸ் வளைந்ததை பெயின்ட் பூசி மறைப்பதும் இதே வகைதான். அறியாமல் வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பித்தரும் உரிமையும் உண்டு.

இதில் நுட்பமான ஒரு விஷயம் இருக்கிறது. விலை குறைவது, விற்பவர் உண்மையைச் சொல்வதால். மறைத்து விற்றால் அவருக்கு இழப்பே இல்லை. அந்த இழப்பு வாங்கியவரின் தலையில் விழுகிறது. ஆகவே மோதியவரிடம் அர்ஷையும் வாங்கிக்கொண்டு, குறையை மறைத்து முழு விலையையும் வாங்குகிறவர், ஒரே இழப்புக்கு இருவரிடம் பணம் பறிக்கிறார். அர்ஷைக் கேட்கிறவர் உண்மை சொல்லக் கடமைப்பட்டவர்.

சமரசமே நலம்

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்குக் கடன்பட்ட இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் மஸ்ஜிதில் குரல் உயர்த்திக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் பாதியை விட்டுக்கொடுக்குமாறு அவருக்குச் சைகை செய்து, மீதியை உடனே கொடுக்குமாறு மற்றவரைப் பணித்தார்கள். விட்டுக்கொடுப்பது உரியவரின் தாராளம். அதை மற்றவர் தாமாக எடுத்துக்கொள்ள முடியாது. யத்தீம்களின் வண்டியானால் கார்டியனும் விட்டுக்கொடுக்க முடியாது.

அன்று மஃரிபுக்குப் பின் இருவரும் பள்ளி வராந்தாவில் அமர்ந்தனர். இரண்டு மெக்கானிக்குகள் விலை சொன்னார்கள். லாரிக்காரர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "இது என் மீது கடன் என்று தெரியாது, பாய்" என்றார். தவணையில் கொடுக்க ஒப்புக்கொண்டார். வண்டிக்காரர் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். பின்னர் அடிபட்ட விவரத்தைச் சொல்லியே வண்டியை விற்றார்.

தொழுகையில் அல்லாஹ்வின் ஹக்கைப் பேணுகிற நாம், சாலையில் அடியார்களின் ஹக்கையும் பேணுவோமாக! ஆமீன்.