கரை காக்கும் கைகள்

நுழையும்முன்

தீப்பற்றினாலும் ஏரிக்கரை உடைந்தாலும் முதலில் ஓடிவருபவர் அக்கம்பக்கத்தார். அரசின் உதவி வந்து சேரும்வரை ஊரைக் காப்பது ஊராரின் கையில்தான் இருக்கிறது. ஓடிவரும் மனம் மட்டும் இருந்தால் போதுமா? யார் அழைப்பது, யார் வழிநடத்துவது, எதைக் கொண்டுவருவது, செலவுக்கு யார் கணக்குச் சொல்வது? இவ்வினாக்களுக்குத் தமிழகத்து ஏரிப்பாசன ஊர்கள் கண்ட விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

ஏரியை நம்பிய நிலம்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது ஆர்.கே.பேட்டை. நெசவும் வேளாண்மையும் இப்பகுதி மக்களின் தொழில்கள். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இங்கில்லை. வடகிழக்குப் பருவமழை தரும் நீரைத் தேக்கிவைத்தால்தான் வயலில் பயிரும் கிணற்றில் நீரும் நிற்கும். தொண்டை நாட்டின் பிற பகுதிகளுக்கும் இதுவே இயல்பு. ஆகவே, இந்நிலத்து முன்னோர் ஊர்தோறும் ஏரி அமைத்தனர். திருவள்ளூரை உள்ளடக்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம் ‘ஏரி மாவட்டம்’ என்றே பெயர் பெற்றது. இன்று தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன.

ஏரியின் அமைப்பு எளிது. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை எழுப்பப்படும். கரையில் அமைந்த மதகு வழியே வயலுக்கு நீர் செல்லும். மிகுதியான நீர் கலிங்கு வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். இவ்வாறு ஓர் ஏரியின் உபரிநீர் மற்றோர் ஏரிக்கு வரத்துநீராகும். மேலேயுள்ள ஏரியின் கரை உடைந்தால் அந்த வெள்ளம் கீழேயுள்ள ஏரியின் கரையையும் உடைக்கும். ஓர் ஊர் செய்யும் பிழையால் பல ஊர்கள் துன்புறும்.

மழை இரவின் அழைப்பு

மண்கரைக்கு நண்டுவளையும் எலிவளையும் பகையாகும். சிறு துளையில் கசியத் தொடங்கும் நீர், மண்ணை அரித்துச் சில மணி நேரத்திற்குள் பெரும் உடைப்பாக மாறக்கூடும். அடைமழை பெய்யும் இரவுகளில் கரைமேல் காவல் இருந்ததற்கு இதுவே காரணம். கசிவு தெரிந்தவுடன் பறை முழங்கும். அவ்வொலி கேட்டவுடன் வீட்டுக்கொருவர் மண்வெட்டியோடும் கூடையோடும் கரைக்கு விரைவர். வைக்கோல், தழை, மரக்கிளை, மண்மூட்டை எனக் கையில் கிடைப்பவை உடைப்பை அடைக்கப் பயன்படும்.

இப்பணியில் காலந்தாழ்த்த இயலாது. ‘என் வயல் மேட்டில் இருக்கிறது; எனக்கென்ன?’ என்று ஒருவர் வீட்டில் இருந்துவிட்டால் மற்றவரும் அவ்வாறே எண்ணத் தொடங்குவர். எனவே, வருவது அவரவர் விருப்பம் என்று ஊர் விட்டுவிடவில்லை. வருகை கடமையாக்கப்பட்டது, வாராதவருக்குத் தண்டம் விதிப்பதும் ஊர்வழக்கில் இருந்தது. தன்னார்வமும் கட்டுப்பாடும் இங்கு ஒன்றையொன்று தாங்கி நின்றன.

அமைதி நாளின் உழைப்பு

இடர் நேரத்தில் ஒன்றுகூடுவது ஒருவகையில் எளிது. கண்முன் நிற்கும் அச்சமே மக்களை ஒன்றுசேர்த்துவிடும். கோடையில் ஏரி வறண்டு கிடக்கும்போது கூடுவதே அரிது. வண்டல் எடுத்துக் கரைக்கு மண் அணைத்தல், வரத்துக்கால் தூர்வாருதல், மதகைச் சீர்செய்தல், கலிங்கில் அடைப்பு நீக்குதல் ஆகிய பணிகளை மழைக்கு முன்பே முடிக்கவேண்டும். இவற்றைப் பயனாளிகளே கூடிச் செய்த முறை ‘குடிமராமத்து’ எனப்பட்டது. ஆயக்கட்டில் ஒருவருக்குள்ள நிலத்தின் அளவுக்கேற்ப அவர் தரவேண்டிய ஆளும் உழைப்பும் வகுக்கப்பட்டன. மிகுதியான நிலம் உடையவர் மிகுதியான உழைப்பைத் தரவேண்டும் என்பதே இதன் நியாயம்.

அன்றாடப் பணிக்கு ஊர் ஒருவரை அமர்த்தியது. மதகைத் திறந்து மூடுதல், வயல்தோறும் முறைவைத்து நீர் பாய்ச்சுதல், கரையைக் கண்காணித்தல் ஆகியவை அவர் பொறுப்பு. நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, கம்புகட்டி என வட்டாரத்திற்கேற்ப அவர் அழைக்கப்பட்டார். அறுவடைக் காலத்தில் களத்திலேயே அவருக்கு நெல் அளக்கப்பட்டது. பல ஊர்களில் நீர்க்கட்டிக்கு அந்த ஆயக்கட்டில் நிலம் இருப்பதில்லை. தமக்கென வயல் இல்லாதவர் யார் வயலுக்கும் சாய்வின்றி நீர் பங்கிடுவார் என்னும் நுட்பம் அதில் உண்டு. ஆயினும், ஊரின் நீரைப் பங்கிட்ட அவர்களுள் பலர் ஊர்ச்சமூகத்தில் ஒடுக்கப்பட்டோராகவே வைக்கப்பட்டிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

கல்லில் பொறித்த விதிகள்

இத்தகைய பொதுப்பணியை ஆளும் விதிகளை எழுத்தில் வகுத்துக் கல்லில் பொறித்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவ்வூர்ச் சபை எடுத்த முடிவுகள் வைகுந்தப் பெருமாள் கோவிலில் கல்வெட்டாக உள்ளன. 919இல் வகுத்த விதிகளில் குறை கண்ட சபை, இரண்டே ஆண்டுகளில் அவற்றைத் திருத்தி மீண்டும் பொறித்தது. உறுப்பினர் வயது முதலில் 30 முதல் 60 வரை என இருந்தது; பின்னர் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. பணிகளைக் கவனிக்க வாரியங்கள் அமைந்தன. சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடும்புவாரியாகக் கட்டிக் குடத்திலிடுவர். சபையோர் அனைவரும் காண, உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனை மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிப்பான். விரல்களை விரித்து வாங்குவதால் கையில் மறைத்துவைத்த வேறோர் ஓலையை மாற்றிப் படிக்க இயலாது. இதுவே குடவோலை முறை.

பதவிக்காலம் 360 நாள்கள். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்குத் தகுதி இல்லை. அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் இல்லை. பதவியில் இருக்கும்போது குற்றம் கண்டால் உடனே நீக்கலாம். பதவி ஒரு வீட்டிலேயே தங்கிவிடக் கூடாது. பொதுப்பணத்திற்குக் கணக்கு வேண்டும் என்னும் இரண்டு அச்சங்களும் இவ்விதிகளுக்குப் பின்னால் உள்ளன. பொதுப்பணி கெடும் வழிகளை அறிந்தவர்களே இவற்றை எழுதியிருக்க முடியும்.

இம்முறையின் எல்லையையும் காணவேண்டும். கால்வேலிக்கு மேற்பட்ட வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் கல்வியும் உடைய பிராமண ஆடவர்க்கே அச்சபையில் இடம் இருந்தது. ஏரியில் மண் சுமந்தவர்க்கும் பெண்களுக்கும் ஓலையில் பெயர் இல்லை. அதன் நேர்மை விதிகளை ஏற்றும் அதன் குறுகிய வாயிலை அகற்றியுமே இன்றைய மக்களாட்சி அதனை நினைவுகூர முடியும்.

தெரிந்து தெளிவோம்

‘குடி’ என்னும் தமிழ்ச்சொல்லும், செப்பனிடுதல் என்னும் பொருளுடைய ‘மராமத்து’ என்னும் அரபு வழிச் சொல்லும் இணைந்து ‘குடிமராமத்து’ ஆயிற்று. பெயர் பிற்காலத்தது எனினும் வழக்கம் மிகப் பழமையானது. ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’ எனவும், தண்டப்பட்ட வரி ‘ஏரி ஆயம்’ எனவும் கல்வெட்டுகளில் வழங்கின.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

நீரிடருக்கு ஏரி ஊர்கள் கண்ட வழியைத் தீயிடருக்கு வேறு நாட்டு நகரங்களும் கண்டன. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1736இல் பெஞ்சமின் பிராங்கிளினும் நண்பர்களும் தன்னார்வத் தீயணைப்புக் குழு ஒன்றைத் தொடங்கினர். உறுப்பினர் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டலாகாது என்பது அதன் விதி. ஒவ்வொருவரும் நீர் இறைக்கத் தோல்வாளிகளையும், எரியும் வீட்டின் பொருள்களை எடுத்துச் செல்லப் பைகளையும் எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும். திங்கள்தோறும் கூட்டம் உண்டு. வாராதவர் கட்டிய சிறு தண்டத்தொகையைச் சேர்த்துத் தீயணைப்புப் பொறியும் ஏணியும் கொக்கியும் வாங்கினர். மேலும் பலர் சேர விரும்பியபோது குழுவைப் பெருக்காமல், தனியே இன்னொரு குழு அமைக்குமாறு அவர்களுக்கு அறிவுறுத்தினர்.

தென்அமெரிக்க நாடான சிலியில் 1851இல் வால்பரைசோ துறைமுக நகரில் தொடங்கிய தன்னார்வத் தீயணைப்பு மரபு இன்றும் நிலைத்துள்ளது. அந்நாட்டில் தீயணைப்போர் ஊதியம் பெறாத தன்னார்வலரே. தொண்டை நாட்டு ஏரிக்கரைக்கும் பிலடெல்பியத் தெருவுக்கும் தொடர்பு ஏதுமில்லை. எனினும் சிறிய குழு, வகுத்த கடமை, ஆயத்தமான கருவி, வாராமைக்குத் தண்டம் என ஒரே வகையான விதிகளையே இரண்டும் கண்டடைந்தன.

கடமை மட்டும் எஞ்சியபோது

நன்கு இயங்கிய குடிமராமத்து தளர்ந்தது எவ்வாறு? 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுப் பகுதி ஊர்களில் தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலேயர் அளவாய்வு செய்தார். விளைச்சலில் ஒரு பங்கு ஊரின் பொதுப்பணிகளுக்கென முதலிலேயே ஒதுக்கப்பட்டதை அக்கணக்குகள் காட்டுகின்றன. காவலர், கணக்கர், கோவில், நீர்நிலை என ஒவ்வொன்றுக்கும் அதில் பங்கு இருந்தது. கும்பினி ஆட்சி வேரூன்றியபோது வருவாயின் பெரும்பகுதி அரசுக்குச் சென்றது. ஊரின் பொதுநிதி சுருங்கியது. முடிவெடுக்கும் உரிமையும் அலுவலரிடம் போயிற்று.

உரிமையும் நிதியும் போனபின் கடமை மட்டும் ஊரில் நிற்கவில்லை. கரைகள் பழுதுபட்டன. 1858இல் சென்னை மாகாணத்திற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஏரியோ ஆற்றுக்கரையோ உடையும் நிலையில் அண்டை ஊர்களின் உழைப்பாளிகளை அழைக்க அது அதிகாரம் அளித்தது. வழக்கமான மராமத்துக்கு வாராதவரிடம் பணம் பெறவும் வழிசெய்தது. ஊர் தானாக ஏற்றிருந்த கட்டுப்பாட்டை மேலிருந்து ஆணையிட்டு நிலைநாட்ட முயன்றும் பழைய ஒழுங்கு திரும்பவில்லை. வாராதவர்க்குத் தண்டம் என்பது ஊர்வழக்கிலும் சட்டத்திலும் ஒன்றே. தாமே கூடி வகுத்த விதிக்கு மக்கள் பணிந்தனர். தம்மைக் கேளாமல் வகுத்த விதிக்கு அவ்வாறு பணியவில்லை.

மீண்டும் ஊரின் கையில்

விடுதலைக்குப்பின் ஊரின் பங்கை மீட்கும் முயற்சிகள் தொடர்ந்தன. தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு முறைகள் மேலாண்மைச் சட்டம் 2000இல் இயற்றப்பட்டது. பாசன நீரைப் பயன்படுத்தும் உழவர்கள் தேர்தல் வழியே சங்கம் அமைக்க அது வழிவகுத்தது. 2017இல் குடிமராமத்து என்னும் பெயரிலேயே அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கி, பாசன உழவர்களின் பங்களிப்போடு நீர்நிலைகளைச் சீரமைக்க முனைந்தது. தீயணைப்பு மீட்புப் பணிகள் துறை தனியே இயங்கினாலும், இடர்க்காலத்தில் முதலில் உதவும் தன்னார்வலர்க்குப் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

இவை நிலைக்க வேண்டுமானால் ஊரார் கூடிப் பேசும் களம் உயிரோடு இருக்கவேண்டும். அக்களம் கிராம சபை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். சாதி, பால், நில உடைமை என்னும் தடைகள் இதற்கில்லை. ஆண்டுதோறும் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் கிராம சபை கூட்டப்படுகிறது. ஏரியின் வரத்துக்கால் அடைபட்டுள்ளதா, சென்ற ஆண்டு ஒதுக்கிய தொகை எவ்வாறு செலவாயிற்று, மழைக்காலத்தில் கரையைக் கண்காணிப்பவர் யார் என்று அங்கே எந்தக் குடிமகனும் வினவலாம்.

இன்று பதினோராம் வகுப்பில் பயில்வோர் இன்னும் இரண்டு ஆண்டுகளில் அச்சபையின் உறுப்பினராகும் வயதை எட்டுவர். குடவோலையில் பெயர் எழுதப்படாதவரின் வழித்தோன்றல்களும் அங்கே சமமாக அமர்வர். மழை இரவில் கரைக்கு ஓடுவதற்குத் துணிவு வேண்டும். வெயில் நாளில் கூட்டத்திற்குச் சென்று கணக்குக் கேட்பதற்குப் பொறுமை வேண்டும். ஏரிக்கு இரண்டும் தேவை.

சொல்லும் பொருளும்

ஆயக்கட்டு – ஓர் ஏரியால் பாசனம் பெறும் நிலப்பரப்பு
கலிங்கு – மிகைநீர் வழியும் அமைப்பு
வரத்துக்கால் – ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்
தண்டம் – விதிமீறலுக்கான கட்டணம்
வாரியம் – பணி மேற்பார்வைக் குழு

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் ஏரி அல்லது குளத்தின் வரத்துக்கால், மதகு, கலிங்கு ஆகியவற்றைப் பெரியோர் துணையுடன் பார்வையிட்டு, அவற்றின் இன்றைய நிலையைக் குறிக்கும் வரைபடம் ஒன்றை உருவாக்குக.

2. தீ, வெள்ளம் ஆகிய இடர்களின்போது உதவ உங்கள் பள்ளியில் ஒரு தன்னார்வக் குழு அமைப்பதாகக் கொண்டு, உறுப்பினர் தகுதி, பதவிக்காலம், கடமை, கணக்கு ஆகியவற்றுக்கான விதிகளைக் குழுவாகக் கலந்துரையாடி எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. நீர்க்கட்டியின் பணிகள் யாவை?
2. மத்தியஸ்தன் ஓலையை விரல்களை விரித்து வாங்கியது ஏன்?

சிறுவினா
1. உத்திரமேரூர் வாரிய விதிகள் பொதுப்பணத்தைக் காத்த முறையை விளக்குக.
2. ஏரிக்கரை காத்த ஊரையும் பிலடெல்பியத் தீயணைப்புக் குழுவையும் ஒப்பிடுக.

நெடுவினா
‘உரிமையும் நிதியும் போனபின் கடமை மட்டும் ஊரில் நிற்கவில்லை’ – குடிமராமத்தின் வரலாற்றைக்கொண்டு இக்கூற்றை ஆராய்க.