கடல் தாண்டிய தண்டவாளம்

யாழ்தேவி என்ற ரயிலைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இலங்கையில் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் ஓடிய ரயில் அது. போரினால் 1990-இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றுவிட்டது. போர் 2009-இல் முடிந்தது. பாதையை மீண்டும் போட்டது யார்? நமது இர்கான் கம்பெனி. அது 1976-இல் மத்திய அரசு தொடங்கிய கம்பெனி. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது.

இந்த வேலை இர்கானுக்கு எப்படிக் கிடைத்தது? நம் ரயில்வேயில் பெற்ற அனுபவம் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இந்திய அரசு இலங்கைக்குக் கடன் கொடுத்தது. அந்தக் கடனில் நடக்கும் வேலை இந்தியக் கம்பெனிக்குத்தான். சீனாவும் இப்படித்தான் செய்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனக் கடனில் சீனக் கம்பெனிகள் கட்டின.

பல நாட்டுக் கம்பெனிகளோடு டெண்டரில் மோதி வேலை பிடிப்பது இதைவிடக் கடினம். விலையைக் குறைத்துச் சொன்னால் வேலை கிடைக்கலாம். கணக்குத் தப்பினால் நஷ்டம் கம்பெனிக்கு.  கடன் வேலையில் வட்டியும் முதலும் கட்டுவது அந்த நாட்டு மக்கள்.