விண்வெளிப் பயண ஒத்திகை புகட்டும் பாடம்

அரங்கேற்றத்திற்கு முன் ஒத்திகை வேண்டும் என்பது நம் கீழ்க்கரைக்குப் புதிய செய்தியன்று. மட்டக்களப்புக் கூத்து மரபில், சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்னும் படிகள் யாவுங் கடந்த பின்னரே கூத்து களரியேறும். அடுக்குப் பார்க்கும் இரவிலே ஆட்டம் பிழைத்தால் அண்ணாவியார் திருத்துவார்; அரங்கேற்றத்திலே பிழைத்தால் ஊர் நகைக்கும். விண்வெளிப் பயணத்திலோ பிழை உயிரையே கொள்ளும். ஆதலாற்றான் விண்வெளி வீரரும் அவரை வழிநடத்துவோரும் அப்பயணத்தை மண்ணிலே பன்முறை நடித்துப் பார்க்கின்றனர். இற்றைநாளில் மாணவரும் அவ்வொத்திகையைச் செய்து வருகின்றனர். அதன் வரலாற்றையும், நம் மாணவரைக் கொண்டு சிறிய அளவில் அதனை நடத்தியவிடத்து நாம் அறிந்தவற்றையும் ஈண்டு ஆராய்வோம்.

மாணவர் ஒத்திகை தோன்றிய வரலாறு

1986ஆம் ஆண்டு சனவரி 28ஆந் திகதி அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73ஆம் செக்கனிற் சிதைந்தது. அதிற் சென்ற எழுவரும் மாண்டனர். அவருள் ஒருவர் கிறிஸ்ரா மக்கோலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை. விண்ணிலிருந்தவாறே மாணவர்க்குப் பாடம் நடத்துதற்கெனத் தெரிவுசெய்யப்பட்டவர் அவர். உந்துகணையின் இணைப்பை அடைக்கும் இறப்பர் வளையம் கடுங்குளிரில் நெகிழ்ச்சி குன்றியதே விபத்துக்குக் காரணம் என விசாரணைக் குழு கண்டது. அதனினுந் துயரந் தரும் செய்தி ஒன்றுண்டு. குளிரில் அவ்வளையம் பயன்படாது போகலாம் எனப் பொறியியலாளர் சிலர் முதல்நாள் இரவே எச்சரித்திருந்தனர். அவர்தம் சொல், புறப்பாட்டை முடிவு செய்யும் மேல்நிலையினரை உரியவாறு சென்றடையவில்லை.

மாண்டோரின் குடும்பத்தினர் துயரத்தோடு அமைந்துவிடவில்லை. அதே ஆண்டில், அவர்கள் நினைவாக ஒரு கல்வி நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் முதலாவது பயிற்சிக்கூடம் 1988ஆம் ஆண்டில் ஹியூஸ்டன் நகரிலே திறக்கப்பட்டது. அங்கு மாணவர் இரு பிரிவாவர். ஒரு பிரிவினர் விண்கலத்தில் இருப்போராகவும், மற்றைப் பிரிவினர் தரையிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தாராகவும் பணிபுரிவர். இடையிடையே எதிர்பாராத இடர்கள் புகுத்தப்படும். பாதி நேரங் கழிந்ததும் இரு பிரிவினரும் தம்முள் இடம் மாறிக்கொள்வர். மக்கோலிஃப் அம்மையார் நடத்தவிருந்த பாடங்களுட் சில, ஆசிரியராயிருந்து விண்வெளி வீரரான ஜோ அகாபா, ரிக்கி ஆர்னல்ட் ஆகிய இருவராலும் 2018ஆம் ஆண்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலே செய்துகாட்டப்பட்டன.

ஒத்திகையிற் பிழைத்தது, நிலவில் உதவியது

ஒத்திகையின் பயனை உணர்த்த அப்பொல்லோ 11 பயணத்தினும் சிறந்த சான்றில்லை. 1969ஆம் ஆண்டு யூலை மாத முற்பகுதியில், பயணத்திற்குச் சில நாட்களே இருக்க, தரையிறங்கும் கட்டத்தை நடித்துப் பார்த்தனர். ஒத்திகையை நடத்தியோர் கணினி எழுப்பும் ஓர் எச்சரிக்கைக் குறியீட்டை வேண்டுமென்றே புகுத்தினர். அதன் பொருள் தெளிவுறாமையால், வழிகாட்டற் பொறுப்பிலிருந்த ஸ்டீவ் பேல்ஸ் என்னும் இளைஞர் இறக்கத்தைக் கைவிடச் சொன்னார். கைவிட வேண்டியதில்லை என்பது ஒத்திகை முடிந்தபின் புலனாயிற்று. உடனே எச்சரிக்கைக் குறியீடுகள் அனைத்தையும், அவ்வவற்றுக்குச் செய்யவேண்டியதையும் எழுதிவைக்குமாறு கட்டளை பிறந்தது. ஜாக் கார்மன் என்பார் கையால் எழுதிய பட்டியல் அவ்வாறு உருவானது.

யூலை 20ஆந் திகதி மெய்யான கலம் நிலவை நோக்கி இறங்குகையில் 1202 என்னுங் குறியீடு தோன்றியது. இம்முறை பேல்ஸ் கலங்கவில்லை. கார்மனின் பட்டியல் துணைநிற்க, இறக்கத்தைத் தொடரலாம் என்று செக்கன்கள் சிலவற்றுள் விடையிறுத்தார். மனிதன் நிலவில் இறங்கினான். அன்றைய பிழையே அவர்களுக்கு ஆசானாயிற்று என்க.

நம் மாணவர் கண்டவை

இவற்றைப் படித்த ஊக்கத்தால், நம் மாணவர் இருபதின்மரைக் கொண்டு ஓர் ஒத்திகை நடத்தினோம். விலையுயர்ந்த கருவி யாதும் வேண்டியிருக்கவில்லை. அடுத்தடுத்த இரு வகுப்பறைகளுள் ஒன்று கலமாயிற்று, மற்றொன்று தரைநிலையமாயிற்று. வெறும் போத்தல்கள் ஒட்சிசன் உருளைகளாயின. அட்டையில் வரைந்த அளவுமானிகளின் முட்களை நாமே நகர்த்தினோம். இரு அறைகளுக்குமிடையே செய்திச் சீட்டு ஒன்றே தொடர்பு. ஒவ்வொரு சீட்டையும் மூன்று நிமிடம் நிறுத்திவைத்தே மறுபக்கம் கொடுத்தோம். செவ்வாய்க் கோளுக்கும் புவிக்குமிடையே வானொலி அலை ஒருவழி செல்வதற்கே, கோள்களின் நிலைக்கேற்ப, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும் என்பதை மாணவர் இதனால் உணர்ந்தனர். ஐயம் வந்தவுடன் கேட்டறிய இயலாது. ஆகவே முதற் சீட்டிலேயே யாவும் விளங்க எழுதல் வேண்டும்.

முதற் பாடம் சொற்பொருள் பற்றியது. இரண்டாம் உருளையில் வாயு கசிகின்றது என்று கலத்திலிருந்து செய்தி வந்தது. தரைநிலையத்தார், "இரண்டாம் உருளையை நிறுத்துக" என்று எழுதியனுப்பினர். மேசையிற் கிடந்த உருளையைக் கலத்திலிருந்தோர் எடுத்து நிமிர்த்தி நிறுத்தினர்! வாயு கசிந்துகொண்டே இருந்தது. எழுதியவரும் தமிழறிந்தவரே, படித்தவரும் தமிழறிந்தவரே. சொல்லொன்று இரு பொருள் தந்தது. பின்னர், "கலத்தை இடத்துக்குத் திருப்புக" என்றொரு சீட்டுச் சென்றது. இடக்கைப் பக்கமா, முன்பிருந்த இடமா என்று கலத்தார் தம்முள் வாதிட்டுக்கொண்டிருக்கவே மூன்று நிமிடம் கழிந்தது.

சிலேடை செய்யுளுக்கு அணி. காளமேகப் புலவரை நாம் போற்றுவது அதனாலன்றோ? கட்டளையிலே அதுவே கேடாகும். இதனை நிலவுப் பயணத்தாரும் அறிந்திருந்தனர். கலம் நிலவில் இறங்கும்வரை "செல்க" என்பதே அவர்தம் இசைவுச் சொல்லாயிருந்தது. இறங்கிய பின் அச்சொல்லைக் கூறின், தொடர்க என்பதா, புறப்பட்டுவிடுக என்பதா என்ற மயக்கம் நேரும். ஆதலால் அக்கணம் முதல் "தங்குக", "தங்கற்க" என்னும் பொருள்படும் சொற்களை ஆண்டனர். அளவைகளிலும் இம்மயக்கம் நேர்வதுண்டு. 1999ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்கச் செவ்வாய்க் கலமொன்று அழிந்தது. ஒரு குழுவினர் உந்துவிசையை இறாத்தல் அளவையிற் கணிக்க, மற்றைக் குழுவினர் அதனை நியூற்றன் அளவை எனக் கொண்டமையே காரணம்.

நம் மாணவர் தாமாகவே ஒரு சொற்பட்டியல் வகுத்தனர். ஒரு செயலுக்கு ஒரு சொல்; ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். மூடுதல் வேறு, நிமிர்த்துதல் வேறு, "நிறுத்துக" என்பது விலக்கப்பட்டது. பெற்ற கட்டளையைத் திரும்ப எழுதிக்காட்டிய பின்னரே செய்தல் வேண்டும் என்றும் விதித்துக்கொண்டனர். வானூர்தி ஓட்டுநரும் இம்முறையையே கையாளுகின்றனர்.

இரண்டாம் பாடம் மெல்லிய குரல் பற்றியது. அமுக்கமானி குறைந்து வருவதை அதனருகிருந்த மாணவி முதலிலேயே கண்டாள். உரத்த குரலினர் வேறொன்றைப் பற்றி வாதிட்டமையால் அவள் வாய் திறக்கவில்லை. சலஞ்சர் கலத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. அதன்பின், எம்முடிபுக்கும் முன்னர் தலைவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வினவ, அவரவர் ஒரு சொல்லில் விடையிறுக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டோம். மெய்யான கட்டுப்பாட்டு நிலையங்களின் வழக்கமும் அதுவே.

மூன்றாம் பாடம் இடம் மாறியபோது கிடைத்தது. தரையிலிருந்து சுருக்கமாகக் கட்டளையிட்டோர் கலத்துள் இருந்து அத்தகைய சீட்டுகளைப் பெற்றபோதுதான் அவற்றின் குறை அவர்க்குப் புலப்பட்டது. மீண்டும் தரைக்கு வந்தபோது அவர்கள் எழுதிய தொடர்களில் எழுவாய் இருந்தது, அளவு இருந்தது, காரணமும் இருந்தது. பலநாட் கட்டுரைப் பயிற்சியால் விளையாத தெளிவு ஒரு பிற்பகலில் விளைந்தது.

நம் கரைக்கு இதனால் என்ன?

தம்பிலுவிலிலிருந்து எவர் விண்ணுக்குச் செல்லப் போகின்றார் என்று வினவுவார் இருக்கலாம். 2019ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இலங்கையர் இருவர் யப்பானிற் பயின்று அமைத்த இராவணா 1 என்னுஞ் சிறு செய்மதி பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து செலுத்தப்பட்டது. ஆதலால் அவ்வினாவுக்கு விடை காலத்தின் கையில் உள்ளது. அவ்வழியில் எவரும் செல்லாதொழியினும், ஒத்திகையின் பாடம் நமக்கு மிக அண்மையிலுள்ளது.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி காலை சுமத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது. அலை நம் கீழ்க்கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்நேரத்துள் நமக்கு ஒரு சொல் வந்து சேரவில்லை. கடல் உள்வாங்கியதைக் கண்டோர்க்கும் அதன் பொருள் தெரியவில்லை. இழந்தோர் எத்துணையர் என்பதை இவ்வூரார்க்கும் திருக்கோவிலார்க்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதன் பின்னரே இந்துமாகடலுக்கென எச்சரிக்கை ஒழுங்கு அமைந்தது. 2009ஆம் ஆண்டு தொடங்கி இக்கடல்சூழ் நாடுகள் ஒன்றுசேர்ந்து ஆழிப்பேரலை ஒத்திகைகளையும் நடத்தி வந்துள்ளன. இலங்கையும் அவற்றிற் பங்குகொண்டுள்ளது. எனினும் நிலையத்தில் ஒலிக்கும் எச்சரிக்கை நம் வீட்டு முற்றத்திலே தெளிந்த தமிழாக மாறினாலன்றிப் பயனில்லை. "கடற்கரையை விட்டு விலகுக" என்பதனினும், "இப்பொழுதே, இவ்வீதி வழியே, அம்மேட்டு நிலத்திற்கு நடந்து செல்க" என்பதே உயிர் காக்கும். எங்கே, எப்பொழுது, எவ்வழி என்று சொல்லப் பழகிய நாவை ஒரு நாளில் ஆக்கிவிட முடியாது. வகுப்பறையில் விளையாட்டாகப் பழகியதே இடர்வேளையில் வாயில் வரும்.

மாணவரே, அறிவியல் ஓரறையிலும் தமிழ் மற்றோரறையிலும் இருப்பன எனக் கருதற்க. விண்கலத்தையும் நடத்தவல்ல செம்மை நம் மொழிக்கு உண்டு. அதனை அச்செம்மையோடு ஆளுதல் நும் கடன். ஆசிரியப் பெருமக்காள், ஒவ்வொரு தவணையிலும் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குவோமாக. பழைய மாணவருள் பொறியியலாளரும் மருத்துவரும் கடற்றொழிலாளரும் உளர். நும் தொழிலில் நேரும் இடர்கள் எத்தகையன என்பதை நன்கறிந்தவர் நீவிர். அடுத்த ஒத்திகைக்கு வந்து, நம் பிள்ளைகளின் கலத்தில் ஒரு பழுதைப் புகுத்துங்கள். அதனை அவர்கள் எவ்வாறு சொல்லித் தீர்க்கின்றனர் என்பதை அருகிருந்து காணுங்கள்.