தலைக்குள் வைக்கும் கதிர் விதை: மூளைக் கட்டிச் சிகிச்சை பற்றி ஒரு பாடம்



"மூளையில் கட்டி இருக்கிறது" என்று ஸ்கேன் அறிக்கை வந்துவிட்டால் ஒரு குடும்பம் அன்றே நிலைகுலைந்து போகிறது. அடுத்த நாளே உறவினர் ஒருவர் செல்போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டுகிறார்: "வெளிநாட்டில் தலையைப் பிளக்காமல், ஒரு விதையை உள்ளே வைத்தே கட்டியைக் கரைத்துவிடுகிறார்களாம்!" நகையை விற்கலாமா, மனையை விற்கலாமா என்ற பேச்சு அங்கே தொடங்குகிறது. விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் குடும்பங்கள் அப்படியொரு நேரத்தில் தெளிவோடு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம். அந்த 'விதை' பொய்யல்ல, உண்மையான சிகிச்சைதான். ஆனால் அது எல்லாருக்கும் உரியதல்ல.

மூளைக் கட்டி எல்லாம் ஒன்றல்ல

மூளைக் கட்டிகளில் பல வகை உண்டு. சில புற்றுநோய்க் கட்டிகள், சில அப்படி அல்லாதவை. சில வேகமாக வளரும், சில பல ஆண்டுகள் மெதுவாக வளரும். நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கிய புற்று மூளைக்குப் பரவுவதும் உண்டு. அரிதான வகைகளும் இருக்கின்றன. பிட்யூட்டரி சுரப்பிக்கு அருகில் நீர்க்கட்டியோடு வளரும் கிரேனியோஃபாரிஞ்சியோமா அவற்றில் ஒன்று. பிள்ளைகளுக்கும் வரும் இந்தக் கட்டி புற்றுநோய் வகை அல்ல. ஆனாலும் பார்வை நரம்பை அழுத்தும், பிள்ளையின் வளர்ச்சியையும் தடுக்கும்.

இத்தகைய கட்டிகளில் சிக்கல் கட்டியில் மட்டும் இல்லை, அது இருக்கும் இடத்திலும் இருக்கிறது. கை கால் அசைவு, பேச்சு, பார்வை, மூச்சு ஆகியவற்றை ஆளும் பகுதிக்கு அருகில் ஆழத்தில் கட்டி இருந்தால் கத்தி வைத்து முழுவதும் எடுக்க முடியாது. எடுக்கப் போனால் உயிர் தப்பினாலும் பேச்சு போய்விடலாம். அங்கேதான் கதிர்வீச்சு தேவைப்படுகிறது.

வெளியிலிருந்து ஒன்று, உள்ளிருந்து ஒன்று

நாம் பொதுவாகக் 'கரண்ட் வைப்பது' என்று சொல்வது வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு. நோயாளி படுத்திருப்பார், இயந்திரம் கதிரை அனுப்பும். மூளைப் புற்றுக்குப் பெரும்பாலும் வாரத்திற்கு 5 நாள் என்று சுமார் 6 வாரங்கள் கொடுப்பார்கள். கதிர் கட்டியைச் சேர நல்ல மூளைத் திசுவைக் கடந்துதான் போக வேண்டும். மூளை வளர்ந்துகொண்டிருக்கும் சிறு பிள்ளைக்கு இதனால் பின்னாளில் ஞாபகசக்தியும் படிப்பும் பாதிக்கப்படலாம் என்பது மருத்துவர்களின் நெடுநாள் கவலை.

உள்ளிருந்து கொடுப்பதற்கு பிராக்கிதெரபி என்று பெயர். 'பிராக்கி' என்றால் கிரேக்க மொழியில் 'குறுகிய' என்று பொருள், அதாவது குறுகிய தூரச் சிகிச்சை. கதிர் தரும் பொருளையே கட்டிக்குள் அல்லது கட்டியை ஒட்டி வைத்துவிடுவார்கள். நம் பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்றுக்குத் தமிழ்நாட்டு மருத்துவமனைகள் நீண்ட காலமாகக் கொடுத்துவருவதும் இந்த வகைதான். ஆகவே இது மந்திரமோ புதுமையோ அல்ல.

இதன் அடிப்படை எளிது. இருட்டில் ஏற்றிய விளக்கை நினைத்துப் பாருங்கள். அருகில் நல்ல வெளிச்சம், தள்ளிப் போகப் போக மங்கல். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். தூரம் ஐந்து மடங்கானால் இருபத்தைந்தில் ஒரு பங்காகும். கதிரும் அப்படித்தான். கட்டிக்குள் வைத்த விதை கட்டியைச் சுடும், சற்றுத் தள்ளியுள்ள நல்ல திசுவுக்குக் குறைவாகவே போய்ச்சேரும்.

விதை என்பது என்ன?

மூளைக்குள் வைக்க அதிகம் பயன்படுவது அயோடின்-125. அதை 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமும் சுமார் 0.8 மில்லிமீட்டர் பருமனும் உள்ள டைட்டானியம் உறைக்குள் அடைத்திருப்பார்கள். பார்க்க உடைந்த பென்சில் முனை போல இருக்கும். அதன் கதிர் வலுக் குறைந்தது. சுமார் 2 சென்டிமீட்டர் திசுவைக் கடப்பதற்குள் பாதி உறிஞ்சப்பட்டுவிடும்.

அதன் சக்தி சுமார் 60 நாளில் பாதியாகும், 120 நாளில் கால் பங்காகும், 10 மாதத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்காகும். அதன்பின் தலையில் இருப்பது ஏறக்குறைய அணைந்துபோன வெறும் உலோகத் துண்டு. சில நோயாளிகளுக்கு விதையை அப்படியே விட்டுவிடுவார்கள், சிலருக்குக் குறித்த நாள் கழித்து எடுத்துவிடுவார்கள்.

விதையை வைப்பதற்கு மண்டையை அகலமாகத் திறக்க வேண்டியதில்லை. தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, ஸ்கேன் படத்தைக் கொண்டு கட்டி இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் குறித்துக்கொள்வார்கள். பிறகு சிறு துளை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி விதையை உரிய இடத்தில் வைப்பார்கள். இப்படிச் சட்டம் பொருத்திக் குறிபார்த்துச் செய்யும் மூளை அறுவை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்கள். சட்டம் பொருத்திச் செய்யும் முறை 1960-களிலேயே சென்னையில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

நீர்க்கட்டி வகைக்கு விதைக்குப் பதிலாகத் திரவம் உண்டு. கதிரியக்க பாஸ்பரஸ்-32 கலந்த திரவத்தை நீர்க்கட்டிக்குள் செலுத்தும் முறையை ஸ்வீடன் மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1950-களில் கொண்டுவந்தார். அதன் கதிர் சில மில்லிமீட்டர் மட்டுமே போகும். நீர்க்கட்டியின் சுவரைச் சுடும், அப்பால் உள்ள பார்வை நரம்பை அதிகம் தொடாது.

நம் நாட்டு விதை

மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் அயோடின்-125 விதையை நம் நாட்டிலேயே உருவாக்கியது. அதைக் கண்ணுக்குள் வரும் கட்டிகளுக்காகச் சென்னை சங்கர நேத்ராலயா 2003-லிருந்து பயன்படுத்தியது. விதைகள் பதித்த சிறு தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில் சில நாட்கள் தைத்து வைத்து, பிறகு எடுத்துவிடுவார்கள். முன்பெல்லாம் கண்ணையே எடுக்க வேண்டியிருந்த நோயாளிகளில் சிலருக்குக் கண்ணைக் காப்பாற்ற இது வழி செய்தது. நம் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில், நம் நாட்டுப் பொருளைக் கொண்டே இது நடந்திருக்கிறது. "வெளிநாட்டில்தான் உண்டு" என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

யாருக்குப் பயன், யாருக்கு இல்லை?

சிறியதாக, ஓரம் தெளிவாக, ஆழத்தில், மெதுவாக வளரும் கட்டிக்கு விதை உதவலாம். ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகர மருத்துவர் ஃபிரிட்ஸ் முண்டிங்கர் போன்றோர் பல பத்தாண்டுகள் இதைச் செய்து காட்டினார்கள். வேகமாகப் பரவும் கட்டியின் கதை வேறு. கனடாவின் டொராண்டோவில் அத்தகைய 140 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் வழக்கமான கதிர்வீச்சோடு விதையும் வைத்தார்கள். 1998-ல் முடிவு வெளியானது. விதை வைத்தவர்கள் வாழ்ந்த காலத்தின் நடுவளவு 13.8 மாதம், வைக்காதவர்களுக்கு 13.2 மாதம். சொல்லத்தக்க வேறுபாடே இல்லை. அந்த வகைக் கட்டி, வேர் போலக் கண்ணுக்குத் தெரியாமல் தூரம் வரை ஓடியிருக்கும். குறுகிய தூரக் கதிர் அந்த வேரை எட்டாது. விதையின் பலம் எதுவோ அதுவே இங்கே அதன் பலவீனம்.

ஆராய்ச்சி அத்தோடு நின்றுவிடவில்லை. கட்டியை எடுத்த பள்ளத்தில், சீசியம்-131 விதை பதித்த கொலாஜன் ஓடுகளைப் பதிக்கும் முறைக்கு அமெரிக்க அரசு 2018-ல் அனுமதி தந்தது. அதன் சக்தி 6 வாரத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மறுபக்கம், வெளியிலிருந்தே கூர்மையாகக் குறிவைக்கும் காமா நைஃப், சைபர் நைஃப், புரோட்டான் ஆகிய முறைகள் வந்துவிட்டதால், விதை வைக்கும் தேவை பல இடங்களில் குறைந்தும் விட்டது. சென்னையில் 2019-லிருந்து புரோட்டான் சிகிச்சை நடக்கிறது. ஆகவே "விதை கிடைக்கவில்லையே" என்று ஏங்க வேண்டியதில்லை. உங்கள் நோயாளிக்குப் பொருந்தும் முறை எது என்பதுதான் கேள்வி.

வீட்டில் உள்ளோரின் அச்சம்

"கதிர் உள்ள ஆளைத் தொட்டால் நமக்கும் வருமா?" புற்றுநோய் தொற்றுவதில்லை. வெளிக் கதிர்வீச்சு பெற்றவர் உடலில் கதிர் தங்குவதுமில்லை. அவரோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், தோளோடு தோள் நின்று தொழலாம். விதை உள்ளே இருப்பவர் மட்டும் மருத்துவமனை சொல்லும் காலம் வரை கர்ப்பிணிகளையும் மடியில் அமரும் குழந்தைகளையும் நெடுநேரம் நெருக்கமாக வைத்துக்கொள்ளாமல் இருப்பார். இத்தகைய சிகிச்சை நடக்கும் இடத்திற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியும் இருக்க வேண்டும். அவர் தரும் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். விதையின் சக்தி தீரும் முன் நோயாளி மௌத்தாகிவிட்டால், குளிப்பாட்டும் முன் மருத்துவமனைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்வதைக் கேட்டு ஜனாஸா காரியங்களைச் செய்யுங்கள்.

வலிப்பு மாத்திரையையும், மூளை வீக்கத்திற்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையையும் நோன்புக்காகத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவெடுங்கள்.

நம் ஊரிலிருந்து செய்ய வேண்டியது

முதலில் அடையாளங்கள். காலையில் எழும்போதே வரும், நாளுக்கு நாள் கூடும் தலைவலி, அதோடு வாந்தி, பெரியவருக்கு முதன்முறையாக வரும் வலிப்பு, ஒரு பக்கக் கை காலில் பலவீனம், பார்வை குறைதல், குணம் மாறுதல், பிள்ளை வயதுக்கேற்ப வளராமை. தலைவலி எல்லாம் கட்டி அல்ல. ஆனால் இவை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

வலிப்பு வந்தால் "காற்று சேட்டை" என்று தாயத்துக் கட்டி மாதங்களைக் கழிப்பதும், பெண்ணுக்குக் கல்யாணம் தடைபடும் என்று மறைப்பதும் நம்மிடையே இன்னும் இருக்கிறது. துஆ செய்யுங்கள், அதே நாளில் மருத்துவரிடமும் போங்கள். கட்டி சிறியதாக இருக்கும்போது உள்ள வழிகள், அது பெரிதானபின் இருப்பதில்லை.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்குங்கள். அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் பெறலாம். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஜிப்மர் சுமார் 40 கிலோமீட்டர்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், நோய் வரும் முன்பே வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு விண்ணப்பித்து வையுங்கள். ஆறு வாரச் சிகிச்சையில் மருந்துச் செலவைவிடப் பஸ் கட்டணமும் தங்கும் செலவும் கூலி இழப்புமே பல குடும்பங்களை முடக்குகின்றன. ஜகாத், ஸதகா தருவோர் இதையும் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

மருத்துவரிடம் கேட்க ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்:

1. கட்டியின் வகை என்ன? பயாப்சி முடிவு எங்கே?
2. சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, வளர்ச்சியை நிறுத்துவதா, வேதனையைக் குறைப்பதா?
3. கதிர்வீச்சு என்றால் எந்த முறை, ஏன் அது?
4. பேச்சு, பார்வை, ஞாபகத்திற்கு என்ன ஆபத்து?
5. மொத்தச் செலவு எவ்வளவு? காப்பீட்டில் எவ்வளவு?

இந்த ஐந்துக்கும் நிதானமாகப் பதில் சொல்லும் மருத்துவரை நம்பலாம். பதில் சொல்லாமல் "இன்றே பணம் கட்டுங்கள்" என்பவரிடம், ஸ்கேன் படத்தை வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். அது மரியாதைக் குறைவல்ல, உங்கள் உரிமை.

நோயில் வாடும் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக. வஸ்ஸலாம்.