ஊழியத்துக்கு இறங்கும் தம்பி தங்கைகளுக்கு

கீரனூர் வட்டாரத்தில் ஊழியம் செய்யக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளே, உபதேசம் பெரிதா, பிரசங்கம் பெரிதா, சேவை பெரிதா என்று வாலிபர் கூட்டத்தில் நீங்கள் மோதிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். 1974-லேயே சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பல நாட்டுச் சுவிசேஷகர்கள் கூடி, நற்செய்தி சொல்வதும் சமூகப் பொறுப்பும் இரண்டுமே கிறிஸ்தவக் கடமை என்று எழுதிவைத்துவிட்டார்கள். அந்த வழக்கு முடிந்தது. தெருவில் இறங்கும்போது வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் படியுங்கள். அமெரிக்கன் மதுரை மிஷன் 1845-லேயே பசுமலையில் செமினரி வைத்து உபதேசியார்களைத் தயார் செய்தது. இன்று கைபேசியில் நாலு பிரசங்கம் கேட்டவர் மைக் பிடிக்கிறார். திரித்துவம் என்றால் என்னப்பா என்று பக்கத்து வீட்டு ராவுத்தர் கேட்டால் நிதானமாகப் பதில் சொல்ல வருமா? வராவிட்டால் இன்னும் ஒரு வருஷம் பின்வரிசையில் உட்காருங்கள்.

2. அரிசி மூட்டையைத் தூண்டிலாக்காதீர்கள். யோவான் ஆறாம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். அப்பம் தின்ற கூட்டம் மறுநாள் அப்பத்துக்காகவே தேடி வருகிறது. ஆண்டவர் அவர்களிடம் கடினமான உபதேசத்தைப் பேசுகிறார். பலர் விலகிப் போகிறார்கள், போகவும் விடுகிறார். போகிறவர்களைப் பிடித்துவைக்க உபதேசத்தைத் தணிக்கவில்லை. உபதேசம், பிரசங்கம், சேவை மூன்றையும் ஒருங்கே செய்ய இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. சபைக்கு வராத வீட்டுக்கு அடுத்த மாதம் மளிகை நின்றுபோனால், முதல் மாதம் கொடுத்தது கூலி.

3. கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். நன்கொடை தருபவருக்குக் கணக்கு அனுப்புங்கள், போதும்.

4. நம் மாவட்டத்து ஒட்டன்சத்திரத்தைப் பாருங்கள். 1955-ல் டாக்டர் ஏ. கே. தாரியனும் நண்பர்களும் அங்கே கிறிஸ்டியன் ஃபெலோஷிப் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். கிறிஸ்துவின் பெயரைப் பலகையிலேயே எழுதிவைத்துத்தான் வைத்தியம் பார்க்கிறார்கள். யார் என்று மறைக்காமல் செய்யும் சேவைக்கு மரியாதை உண்டு. வெறும் சமூகசேவகர் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்து, மூன்றாம் மாதம் வேதாகமத்தை எடுப்பவரை ஊர் நம்பாது, நானும் நம்பமாட்டேன்.

5. தாராபுரம் பக்கமிருந்து பழனிக்குப் பாதயாத்திரை வருகிறவர்களிடம் கைப்பிரதி நீட்ட வேண்டாம். காலில் கொப்புளத்தோடு நடப்பவருக்குத் தண்ணீர் கொடுக்கலாம், மருந்து போடலாம். அவராகக் கேட்டால் பேசுங்கள்.

6. பந்தி பரிமாறுவது சின்ன வேலை என்று நினைக்கும் பிரசங்கியார்கள் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்துக்குப் போகட்டும். விதவைகளின் சாப்பாட்டைக் கவனிக்க நியமித்த ஏழு பேரில் ஸ்தேவானும் பிலிப்புவும் இருந்தார்கள். அடுத்த இரண்டு அதிகாரங்களில் பிரசங்கிப்பவர்களும் அவர்கள்தான்.

7. சட்டம் தெரிந்திருக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், கோட்பாட்டை எடுத்துச் சொல்லிப் பரப்பலாம், இன்னொருவரை மதம் மாற்றுவது உரிமை ஆகாது என்றது. ஆக, உபதேசம் தெரியாதவருக்கு இந்த உரிமையால் பயனே இல்லை. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, பிறகு திரும்பப் பெறப்பட்டது. சட்டம் போனதால் ஆசை காட்டி மதம் மாற்றுவது சரியாகிவிடாது.

8. கடைசியாக ஒன்று, பலர் சொல்லாமல் விடுவது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். பட்டியல் சாதிக்கான வேலை ஒதுக்கீடு, பஞ்சாயத்துத் தொகுதி எல்லாம் இந்த இழப்பில் அடங்கும். அந்த ஆணை அநியாயம் என்று நாம் போராடலாம், போராடவும் வேண்டும். ஆனால் ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரிடம், அவர் வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையில், இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் ஒரு வருஷம் யோசித்துவிட்டு வரட்டும்.