தொட்டறிந்த மருத்துவம்

நுழையும்முன்

நோயைக் கண்டறியக் கருவிகள் பல வந்துவிட்டன. நோயுற்றவரை அறிந்துகொள்ள, அவரிடம் பேசுவதும் அவர் சொல்வதைக் கேட்பதுமே இன்றும் வழியாக உள்ளன. தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீராக்கிய மருத்துவர் பால் பிராண்ட் தம் நோயாளிகளிடமிருந்து கற்றவற்றையும், அவை இன்றைய தொழிலாளர் வாழ்வோடு பொருந்துவதையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திருவள்ளூரை அடுத்த காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை அமைந்துள்ளது. சுற்றுப்புற ஊர்களைச் சேர்ந்தோரும், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரும் இப்பகுதியின் தொழிற்கூடங்களில் பணியாற்றுகின்றனர். இவர்களுக்குக் கைகளே முதலீடு. எந்திரத்தில் ஒரு தொழிலாளியின் விரல்கள் நசுங்கினால், மருத்துவர் ஊடுகதிர்ப் படத்தில் எலும்பு முறிந்த இடத்தைத் தேடுகிறார். தொழிலாளியோ வேறொன்றைத் தேடுகிறார். மீண்டும் எந்திரத்தைப் பிடிக்க முடியுமா, ஊருக்குப் பணம் அனுப்ப இயலுமா என்பதே அவர் கவலை. அக்கவலையை யாரும் கேளாதபோது, புண் ஆறியதும் அவர் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிடக்கூடும். பயிற்சியின்றி விரல்கள் இறுகிப் போகும். அறுவை சிகிச்சை வென்றிருக்கும், கை பயன்படாது.

கை சீரானால் மட்டும் போதுமா என்னும் இவ்வினாவை எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டவர் பால் பிராண்ட். திருவள்ளூர் மாவட்டம் 1997இல் தனியாகப் பிரிவதற்கு முன்பு காக்களூர் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்தச் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில்தான் அவரது தேடல் தொடங்கியது.

கைகுலுக்கலில் பிறந்த ஆய்வு

பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்தார். மறு ஆண்டு, மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அழைப்பில் திருமணிக்குச் சென்றார். அங்கிருந்த நோயாளிகள் பலரின் விரல்கள் பறவையின் நகங்களைப்போல வளைந்திருந்தன. அத்தகைய கையுடைய ஒருவரிடம் தம் கையை நீட்டி, இறுகப் பற்றுமாறு கேட்டார் பிராண்ட். மெல்லிய தொடுதலை எதிர்பார்த்தவர் வலியால் துடித்துப் போனார். பயனற்றதென்று எல்லாரும் எண்ணிய கையில் அத்தனை வலிமை எஞ்சியிருந்தது! செயலிழந்த தசைகளுக்கு அருகில் நல்ல தசைகளும் உள்ளன என்பதை அப்பிடி உணர்த்தியது. முன்கையின் நல்ல தசைநாண்களை இடம்மாற்றி விரல்களை இயங்கச் செய்யும் அறுவை முறை அதன்பின் வேலூரில் வளர்ந்தது. தொட அஞ்சும் மருத்துவர் எவருக்கும் இவ்வுண்மை எளிதில் புலப்பட்டிருக்காது.

வேறொரு நாள், தோளில் கைவைத்தபடி ஓர் இளைஞருக்குச் சிகிச்சை முறையை விளக்கிக்கொண்டிருந்தார் பிராண்ட். இளைஞர் விம்மி அழலானார். தாம் தவறாக ஏதேனும் சொல்லிவிட்டோமோ என்று உதவியாளரிடம் வினவினார். பல ஆண்டுகளாகத் தம்மை எவரும் தொட்டதில்லை என்பதே அழுகைக்குக் காரணம் என்று விடை வந்தது.

சீரான கையும் சீராகாத வாழ்வும்

ஆயினும், அறுவை முடிந்து ஊர் திரும்பியவர்களுள் சிலர் வாடிய முகத்தோடு மீண்டு வந்தனர். வளைந்த விரல்களைக் கண்டு இரங்கிப் பிச்சையிட்டவர்கள், நேரான விரல்களைக் கண்டு கொடுக்க மறுத்தனர். நோயின் வடு இருந்தமையால் வேலை கொடுப்பாரும் இல்லை. பிச்சையெடுப்பதற்கு இந்தக் கை உதவவில்லை என்று ஒருவர் மருத்துவரிடமே முறையிட்டார். பிராண்டின் வாழ்வில் திருப்புமுனை எது என்று கேட்டால், கைகுலுக்கலைவிட இம்முறையீட்டையே சொல்லத் தோன்றுகிறது. அவரும் அதை நன்றிகெட்ட பேச்சாகக் கருதவில்லை. வேலூரில் ‘புதுவாழ்வு மையம்’ ஒன்று உருவாயிற்று. நோயாளிகள் அங்கே தங்கித் தச்சு வேலையும் பொம்மை செய்தலும் பயின்றனர்.

அவர்களோடு பழகியபோது மருத்துவ நூல்கள் சொல்லாத செய்திகள் வெளிப்பட்டன. பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் தவித்தபோது, சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகித் திறந்தான். அவன் விரலிலிருந்து குருதி சொட்டியது. எலும்பு தெரியுமளவிற்குச் சதை கிழிந்திருந்தும் அவனுக்கு வலிக்கவில்லை. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதாக நம்பப்பட்ட காலம் அது. உணர்விழந்த கையில் வெட்டும் தீப்புண்ணும் கவனிக்கப்படாமல் பெருகுவதே விரல் குறைவதற்குக் காரணம் என்று பிராண்டின் குழுவினர் கண்டனர். இரவில் விரல் நுனி காணாமற்போனதன் காரணத்தையும் தேடினர். உறங்கும்போது எலிகள் கடித்திருந்தன! நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. பூனையை மருந்துச் சீட்டில் எழுதிய மருத்துவமனை வேறெங்கும் இருந்திருக்குமா?

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை வரிசைப்படுத்தும்போது, மருத்துவருக்கும் மருந்துக்கும் முன்னால் நோயுற்றவரை வைக்கிறார். சிகிச்சைக்கு முன் ஆராயவேண்டியவற்றிலும் நோயாளியின் நிலையே முதலாவது. நோயின் அளவு அதற்கு அடுத்தது. பிராண்ட் நடந்த வழி தமிழுக்குப் புதிதன்று.

கேட்டுச் செய்தல்

மதிப்பு என்பது இன்சொல்லோடு முடிவதில்லை. நம் உடலில் என்ன செய்யப்படவுள்ளது என்பதை அறிந்து இசையும் உரிமை நமக்கு உண்டு. நோயறிதலுக்காக மயக்கமருந்து பெற்ற பெண்ணொருவருக்கு, அவர் தாயின் ஒப்புதலை மட்டும் பெற்றுக் கருப்பையை அகற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. வயதுவந்த ஒருவரின் ஒப்புதலை, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் மற்றவர் வழங்க இயலாது என 2008இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகப்பேற்றின்போது தமக்கு வேண்டிய பெண்துணை ஒருவரை உடன் வைத்துக்கொள்ளும் முறையைத் தமிழக அரசு மருத்துவமனைகள் 2004இலேயே ஏற்றன. மருந்தேதும் சேராத இவ்வேற்பாடு, வலியில் தவிக்கும் பெண்ணின் அச்சத்தைத் தணிக்கிறது.

தமிழ்மொழி இவ்வகையில் நமக்கொரு வசதியைத் தந்திருக்கிறது. ஒரு சோதனையையும் வைத்திருக்கிறது. நல்ல சட்டை அணிந்து வருபவரை ‘வாங்க’ என்றழைக்கும் வாய், எண்ணெய்க்கறை படிந்த சீருடையோடு வருபவரை ‘வா’ என்கிறது. கட்டில் எண்ணைச் சொல்லி அழைப்பதும் உண்டு. ஒருமையில் விளிக்கப்பட்டவர் தம் ஐயத்தைக் கேட்கத் தயங்குகிறார். மருத்துவருக்குத் தேவையான செய்தியும் அவரிடமே தங்கிவிடுகிறது.

காக்களூர்த் தொழிலாளியிடம் இப்போது திரும்புவோம். அவர் வேலை முடித்துவந்து காலையில் உறங்கி, மாலையில் முதல் உணவு உண்பவராக இருக்கலாம். ‘காலை, இரவு உணவுக்குப் பின்’ என்று மாத்திரை உறையில் எழுதினால் அவர் எதைக் காலை எனக் கொள்வார்? தமிழ் அறியாதவராயின், அவர் மொழி தெரிந்தவரைக்கொண்டு விளக்கி, புரிந்ததை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் செய்தல் வேண்டும். ஊதியம் நின்றுவிடுமென அஞ்சிக் கட்டுப் பிரிக்கும் முன்னரே பணிக்குத் திரும்ப எண்ணுபவரிடம், பணியில் ஏற்பட்ட காயத்தால் வேலைக்குச் செல்ல இயலாத நாள்களுக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் காப்பீடு பெற்றோருக்கு ஊதியத்தில் 90 விழுக்காட்டை வழங்குகிறது என்று சொல்வதும் சிகிச்சையின் பகுதியே. அந்நேரத்தில் மருத்துவர் அவருடைய காயம்பட்ட கையைத் தம் கையில் ஏந்தி, “எந்தக் கையால் எந்திரத்தை இயக்குகிறீர்கள்? எப்படிப் பிடிப்பீர்கள் என்று காட்டுங்கள்” எனக் கேட்டால், எந்த விரலுக்கு எவ்வளவு அசைவு வேண்டும் என்பதை நோயாளியே காட்டிவிடுவார்.