கொக்கிப் பின்னலும் கடற்பவளமும்

கைவேலை என்றால் பொழுதுபோக்கு, கணிதம் என்றால் படிப்பு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இவ்விரண்டும் ஒரே இழையில் கோத்து நிற்பவை என்பதைக் குரோஷா எனப்படும் கொக்கிப் பின்னல் காட்டுகிறது. அந்த இழையின் மறுமுனை நம் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. கைவேலைப் புத்தகங்கள் தொடக்க நிலையில் கற்பிக்கும் சிறு பொருள்களின் வழியே இதனைக் காண்போம்.

அடிப்படை

நம் கரையோர மக்களுக்குப் பின்னல் புதிதன்று. ஆனால் கையால் பின்னும் மீன்வலையில் ஒவ்வொரு கண்ணும் ஒரு முடிச்சினால் நிற்கிறது. கொக்கிப் பின்னலிலோ தொடக்க முடிச்சைத் தவிர வேறு முடிச்சே இல்லை. ஒரு வளையத்தின் வழியே அடுத்த வளையத்தை இழுப்பதுதான் தொழில் முழுவதும். ஆகவே கடைசி வளையத்தை விட்டு இழுத்தால் பின்னியது அனைத்தும் பிரிந்து மீண்டும் நூலாகிவிடும். கற்பவர்க்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

தேவையானவை ஒரு கொக்கி ஊசியும் ஒரு பருத்தி நூல்கண்டும் மட்டுமே. ஊசியிலுள்ள வளையத்தின் வழியே நூலை இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி கிடைக்கும். பின்னிய கண்ணி ஒன்றில் ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மறுபடி நூலைக் கொக்கியில் மாட்டி, இரண்டின் வழியேயும் இழுத்தால் அது ஒற்றைக் கண்ணி. இதனை அமெரிக்கப் புத்தகங்கள் ‘சிங்கிள் குரோஷே’ என்றும், இங்கிலாந்துப் புத்தகங்கள் ‘டபிள் குரோஷே’ என்றும் குறிக்கும். புத்தகம் எந்நாட்டது என்று பார்த்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும்.

1. வட்ட விரிப்பு

நான்கு சங்கிலிக் கண்ணிகளை வளையமாக இணைத்து, அதனுள் 6 ஒற்றைக் கண்ணிகள் போடுக. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு போட்டால் 12 ஆகும். பின்னர் சுற்றுக்கு 6 வீதம் கூட்ட, 18, 24, 30 என வளரும். சுற்றின் தொடக்கத்தை வேற்றுநிற நூலால் அடையாளம் இட்டுக் கொள்வது நலம். டம்ளர் வைக்கத் தட்டையான விரிப்பு தயார்.

ஏன் ஆறு? வட்டத்தின் ஆரம் ஓர் அலகு கூடினால் சுற்றளவு 2π, அதாவது ஏறத்தாழ 6.28 அலகு கூடும். ஒற்றைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். ஆகவே சுற்றுக்கு ஆறு கண்ணிகள் கூட்டினால் தளம் தட்டையாக நிற்கிறது. பாட்டியின் கை அறிந்திருந்த கணக்கும் பாடநூலின் சூத்திரமும் ஒன்றே!

2. சுருக்குப் பை

ஐந்து சுற்றுகளில் 30 கண்ணிகள் வந்தபின் கூட்டுவதை நிறுத்திவிடுக. ஒவ்வொரு சுற்றிலும் அதே 30 கண்ணிகள் போட்டால் விளிம்பு மேலெழுந்து கிண்ணமாகும். வேண்டிய உயரம் வந்ததும் வாய்ப்பகுதியில் ஒரு சங்கிலிக் கயிற்றைக் கோத்தால் சில்லறை போடும் சுருக்குப் பை கிடைக்கும்.

3. சுருள் மலர்

20 சங்கிலிக் கண்ணிகளோடு, திரும்புவதற்கு ஒன்று கூட்டிக் கொள்க. வரிசைதோறும் ஒரு கண்ணியில் ஒன்று, அடுத்த கண்ணியில் இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டு வருக. வரிசையின் முடிவில் ஒரு சங்கிலி போட்டுத் திரும்புக. எண்ணிக்கை 30, 45, 67, 100 எனப் பெருகிப் பத்தாம் வரிசையில் 1135-ஐ எட்டும். வட்ட விரிப்பின் பத்தாம் சுற்றில் இருப்பவை 60 மட்டுமே! முன்னது பெருக்குத் தொடரை ஒட்டிச் செல்கிறது. பின்னது கூட்டுத் தொடர். இத்தனை கண்ணிகளுக்குத் தட்டையான தளத்தில் இடமில்லை. எனவே பின்னல் அலையலையாகச் சுருண்டு மடிகிறது.

ஒரு நேர்கோட்டிற்கு வெளியேயுள்ள புள்ளி வழியே ஓர் இணைகோடுதான் வரையலாம் என்று பள்ளியில் படித்தோம். பல இணைகோடுகளுக்கு இடந்தரும் வடிவியலை ரஷ்யாவின் லொபசெவ்ஸ்கி 1829-லும், ஹங்கேரியின் போலியாய் 1832-லும் வெளியிட்டனர். அதன் அதிபரவளையத் தளத்தை மாணவர் கையில் எடுத்துப் பார்ப்பது எளிதாக இல்லை. காகித மாதிரிகள் எளிதில் கிழிந்தன. 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்த லாட்வியக் கணித அறிஞர் டைனா டைமினா அம்மையார் அதைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். நம் சுருள் மலரும் அந்த இனத்ததே.

கடலில் அதே வடிவம்

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை பரவியுள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. அவற்றுள் டர்பினேரியா எனப்படும் இனம் முட்டைக்கோசு இலைபோல் சுருண்டு வளர்கிறது. குறைந்த இடத்தில் மிகுந்த பரப்பு கிடைப்பதால் ஒளியும் இரையும் பெற இவ்வடிவம் உதவுகிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்த மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரியர் 2005-இல் தொடங்கிய குரோஷா பவளப்பாறைத் திட்டம், இந்த ஒற்றுமையைக் கொண்டே பவளங்களின் அழிவை உலகுக்கு உணர்த்தியது.

அவ்வழிவு நமக்கும் அயலானதன்று. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் இங்கே பவளப்பாறைகள் வெட்டியெடுக்கப்பட்டன. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வெட்டுவது தடுக்கப்பட்ட பின்னரும் கடல்நீர் சூடேறி, 2010-இலும் 2016-இலும் பவளங்கள் வெளுத்தன.

குன்றுபோல் வளரும் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. நூற்பின்னலைப் பிரித்து மீண்டும் பின்னலாம்; பவளத்திற்கு அந்த வசதி இல்லை. ஆகவே அலமாரியில் வைக்கப் பவளம் வேண்டுமென்று ஆசைப்படும் நண்பர்கள் ஒரு கொக்கி ஊசியும் நூல்கண்டும் வாங்குவார்களாக. பத்து வரிசை பின்னி முடிப்பதற்குள் ஒரு கணிதப் பாடமும் கைவந்துவிடும். கடலில் உள்ளது கடலிலேயே இருக்கும்.